சிஆர்எம் பதிவுகள் முழுமையாக இருக்கின்றனவா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏதாவது ஒரு சிஆர்எம் (வாடிக்கையாளர் தொடர்புகளைப் பராமரிக்கும்) மென்பொருளிலோ வெறும் எக்செல் தாளிலோ வாடிக்கையாளர் விவரங்களை வைத்திருக்கும் சிறு நிறுவனங்களுக்காக இதை எழுதுகிறேன். எல்லாப் பதில்களுக்கும் ஒரே உதாரணம்தான்: வீடுகளுக்கும் கடைகளுக்கும் வாட்டர் பியூரிஃபையர் விற்று, சர்வீஸும் ஏஎம்சியும் (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) பார்க்கும் ஒரு நிறுவனம். உங்கள் தொழில் பம்ப்செட்டோ இன்வெர்ட்டரோ எதுவாக இருந்தாலும், வாடிக்கையாளரைத் திரும்பத் தேடிப் போக வேண்டிய தொழில் என்றால் இது பொருந்தும்.

முழுமை என்றால் எல்லா ஃபீல்டும் (ஒவ்வொரு விவரத்துக்கும் உள்ள கட்டமும்) நிரம்பியிருக்க வேண்டுமா?

வேண்டாம். அந்தப் பதிவை வைத்து அடுத்து நடக்க வேண்டிய வேலை தடங்கல் இல்லாமல் நடக்குமா என்று மட்டும் பாருங்கள். ஏஎம்சியைப் புதுப்பிக்கச் சொல்லி டெலிகாலர் பேச வேண்டும் என்றால் பெயர், மொபைல் எண், மாடல், ஏஎம்சி முடியும் தேதி இருந்தால் போதும். அதே வீட்டுக்கு டெக்னீஷியன் போக வேண்டும் என்றால் கதவு எண், தெரு, பக்கத்தில் உள்ள அடையாளம், எந்த மாடி என்பதெல்லாம் தேவை. ஒரே பதிவு டெலிகாலருக்கு முழுமையாகவும் டெக்னீஷியனுக்கு அரைகுறையாகவும் இருக்கலாம்.

ஃபேக்ஸ், இரண்டாவது மின்னஞ்சல், ஆண்டு வருமானம் என்று மென்பொருளோடு சேர்ந்து வந்த ஃபீல்டுகள் காலியாகக் கிடந்தால் கிடக்கட்டும். அவற்றையும் கணக்கில் சேர்த்து "நம்ம டேட்டா பாதிதான் முழுமை" என்று சொன்னால், அந்த எண்ணை வைத்து யாராலும் எந்த முடிவும் எடுக்க முடியாது.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

மென்பொருளைத் திறப்பதற்கு முன் ஆட்களிடம் பேசுங்கள். டெலிகாலர், டெக்னீஷியன், பில் போடுபவர் ஆகியோரிடம் தனித்தனியாக ஒரே ஒரு கேள்வி: "போன வாரம் என்ன விவரம் இல்லாமல் வாடிக்கையாளருக்குத் திரும்ப போன் பண்ணினீங்க?" வருகிற பதில்கள்தான் உங்கள் முக்கிய ஃபீல்டுகளின் பட்டியல். பெரும்பாலும் ஏழெட்டுக்கு மேல் போகாது. டெக்னீஷியன் "லிஃப்ட் இருக்கான்னு தெரியல", "வீட்ல எத்தனை மணிக்கு ஆள் இருப்பாங்கன்னு தெரியல" என்பார். இதற்கெல்லாம் சிஆர்எம்மில் ஃபீல்டே இருக்காது. இல்லாத ஃபீல்டை எந்த ரிப்போர்ட்டும் காலி என்று காட்டாது. அதனால்தான் ஆட்களிடம் முதலில் கேட்கச் சொல்கிறேன்.

எண்ணத் தொடங்கும் முன் வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?

ஒரே ஆளுக்கு இருக்கும் இரட்டைப் பதிவுகளைச் சேர்த்துவிடுங்கள். கடையில் வாங்கியபோது ஒரு பதிவு, சர்வீஸுக்கு போன் செய்தபோது இன்னொரு பதிவு என்று இருக்கும். ஒன்றில் முகவரி உண்டு, மாடல் இல்லை. மற்றதில் மாடல் உண்டு, முகவரி இல்லை. தனித்தனியே எண்ணினால் இரண்டும் குறை. சேர்த்தால் யாரிடமும் எதுவும் கேட்காமலே ஒரு முழுப் பதிவு கிடைத்துவிடும்.

மொபைல் எண் ஒன்று என்பதற்காக மட்டும் சேர்த்துவிடாதீர்கள். நம் ஊரில் அம்மா வீட்டு மெஷினுக்கும் மகன் எண்ணைத்தான் கொடுப்பார்கள். எண், பெயர், தெரு, மாடல் என்று இருப்பவற்றில் இரண்டு மூன்று விவரங்கள் ஒத்துப்போக வேண்டும். பெயரை மட்டும் நம்புவதும் ஆபத்து. ஒரே முத்துக்குமாரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதியிருப்பார்கள்.

எக்செலில் எப்படி எண்ணுவது?

சிஆர்எம்மிலிருந்து எல்லாப் பதிவுகளையும் எக்செலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முக்கிய ஃபீல்டுக்கும் கவுண்ட்பிளாங்க் என்ற ஃபங்ஷனைப் போட்டால் காலியான செல்களின் எண்ணிக்கை வரும். ஆனால் செல்லில் ஒரு ஸ்பேஸ் மட்டும் இருந்தாலும் அதை நிரம்பியதாகவே எண்ணும் என்பதால், முதலில் டிரிம் ஃபங்ஷனால் தேவையற்ற ஸ்பேஸை நீக்குங்கள். இணையப் பக்கங்களிலிருந்து காப்பி செய்து ஒட்டிய விவரங்களில் வேறு வகை ஸ்பேஸ் ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். அதற்கு டிரிம் பலிக்காது. அந்த ஸ்பேஸை அப்படியே காப்பி செய்து, ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸில் கொடுத்து நீக்க வேண்டும்.

ஃபீல்டு வாரியாக எண்ணி முடித்ததும், பதிவு வாரியாகவும் ஒரு கணக்குப் போடுங்கள். வலது ஓரத்தில் ஒரு புதிய நெடுவரிசை சேர்த்து, டெலிகாலருக்கு வேண்டிய நான்கும் இருந்தால் 1, ஒன்று குறைந்தாலும் 0 என்று வரும்படி செய்யுங்கள். டெக்னீஷியனுக்கு அப்படியே இன்னொரு நெடுவரிசை. நீங்கள் நம்ப வேண்டிய எண் இதுதான்.

ஒவ்வொரு ஃபீல்டும் 90% நிரம்பியிருக்கிறதே, அது போதாதா?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஐந்து ஃபீல்டுகள் வேண்டும், ஒவ்வொன்றும் 90% நிரம்பியிருக்கிறது, மொத்தம் 1000 பதிவுகள் என்று வைத்துக்கொள்வோம். காலிகள் எல்லாம் ஒரே 100 பதிவுகளில் குவிந்திருந்தால் மீதி 900 பதிவுகள் முழுமை. ஒரு ஃபீல்டின் காலிக்கும் இன்னொன்றின் காலிக்கும் தொடர்பில்லாமல் சிதறியிருந்தால் ஐந்தும் நிரம்பிய பதிவுகள் ஏறக்குறைய 590. ஒவ்வொரு ஃபீல்டின் காலியும் வெவ்வேறு பதிவுகளில் விழுந்திருந்தால் 500தான் தேறும்.

ரிப்போர்ட்டில் மூன்றுக்குமே "90%" என்றுதான் இருக்கும். அதைப் பார்த்து 900 பேருக்கு ஏஎம்சி விற்கலாம் என்று இலக்கு வைத்தால், கையில் 500 பேர்தான் இருக்கக்கூடும். பழி டெலிகாலர் தலையில் விழும். ஃபீல்டு சராசரியை முதலாளியின் மேசைக்குக் கொண்டுபோகவே வேண்டாம் என்பது என் கருத்து. பதிவு வாரிக் கணக்கைக் கொண்டுபோங்கள்.

ஃபீல்டு நிரம்பியிருக்கிறது, ஆனால் உள்ளே இருப்பது குப்பை. அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

தரவுத் தரம் பற்றி எழுதுபவர்கள் முழுமையையும் (நிரம்பியிருக்கிறதா) செல்லுபடியாவதையும் (நிரம்பியது சரியான வடிவில் இருக்கிறதா) தனித்தனியாகப் பிரிப்பார்கள். தரவு மேலாண்மைக்கான டாமா யுகே அமைப்பு 2013இல் வகுத்த ஆறு பரிமாணங்களிலும் இவை வேறு வேறுதான். பாடத்துக்கு அது சரி. தினசரி வேலையில் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும், ஏனென்றால் 9999999999 என்ற மொபைல் எண் காலி ஃபீல்டைவிட மோசம். காலி என்றால் தெரியும். இது தெரியாமல் ஒளிந்துகொள்ளும்.

ஒவ்வொரு நெடுவரிசையிலும் அதிகமுறை திரும்பத் திரும்ப வரும் மதிப்புகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். எக்செலில் எது எத்தனை முறை வருகிறது என்று தொகுத்துக் காட்டும் ஒரு பிவட் டேபிள் போட்டால் போதும். ஒற்றைப் புள்ளி, கோடு, "டெஸ்ட்", "அதே", "மேற்படி" எல்லாம் மேலே வந்து நிற்கும். தேதி ஃபீல்டில் 01-01-1900, 01-01-1970 இரண்டையும் தேடுங்கள். தேதி இல்லாத இடத்தில் மென்பொருள்கள் தாமாகப் போடும் தேதிகள் இவை. பின்கோடு ஃபீல்டில் 600001 அளவுக்கு மீறி இருந்தால், சென்னை ஜார்ஜ் டவுனில் உங்களுக்கு அத்தனை வாடிக்கையாளர்கள் உண்டா என்று யோசியுங்கள். டிராப்டவுன்களில் பட்டியலின் முதல் விருப்பம் மட்டும் வழக்கத்துக்கு மாறாக அதிகம் இருந்தால், யாரோ யோசிக்காமல் தட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மொபைல் எண்ணுக்குச் சோதனை எளிது. இந்திய மொபைல் எண் 10 இலக்கம், முதல் இலக்கம் 6, 7, 8, 9இல் ஒன்று. முன்னால் 0 சேர்ந்தால் 11, 91 சேர்ந்தால் 12. வேறு எந்த நீளத்தில் இருந்தாலும் அது காலி என்றே எண்ணிவிடுங்கள்.

"லாஸ்ட் நேம்" கட்டாயம் என்கிறது மென்பொருள். எங்கள் வாடிக்கையாளர்களுக்குக் குடும்பப் பெயரே இல்லையே?

நம் ஊர்த் தரவில் அதிகம் கெட்டுப்போகும் ஃபீல்டு இது. சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற சிஆர்எம்மிலும் சரி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் சிஆர்எம்மிலும் சரி, ஒருவரைப் பதிய லாஸ்ட் நேம் வேண்டும். கவுண்டரில் இருப்பவர் என்ன செய்வார்? ஒருவர் இனிஷியலைப் போடுவார், இன்னொருவர் புள்ளி வைப்பார், மூன்றாமவர் அப்பா பெயரைக் கேட்டு வாங்குவார். ரிப்போர்ட்டில் அந்த ஃபீல்டு 100% நிரம்பியிருக்கும். அப்புறம் தீபாவளி வாழ்த்து "அன்புள்ள ஆர்" என்று போகும்.

எல்லாரும் ஒரே மாதிரி செய்யும்படி ஒரு விதியை எழுதி ஒட்டுங்கள். நான் பரிந்துரைப்பது இது: அவரை எப்படிக் கூப்பிடுகிறோமோ அந்தப் பெயர் லாஸ்ட் நேமில், இனிஷியலுக்குத் தனியாக ஒரு ஃபீல்டு, ஃபர்ஸ்ட் நேம் காலி. வாழ்த்து, எஸ்எம்எஸ் எல்லாவற்றையும் லாஸ்ட் நேமிலிருந்து எடுக்கும்படி மாற்றிவிடுங்கள். அதோடு முழுமைக் கணக்கிலிருந்து ஃபர்ஸ்ட் நேமை நீக்கிவிடுங்கள். அது காலியாக இருப்பதுதான் சரி.

திருமணத்துக்குப் பின் பல பெண்களுக்கு இனிஷியல் மாறும். ஆகவே இனிஷியல் வேறு என்பதை வைத்து இரண்டு பதிவும் இரண்டு ஆள் என்று முடிவு கட்டக் கூடாது.

முகவரி முழுமையா என்று எப்படிச் சொல்வது?

பின்கோடில் தொடங்குங்கள். 1972 ஆகஸ்ட் 15 முதல் புழக்கத்தில் உள்ள ஆறு இலக்க எண், 0இல் தொடங்காது, தமிழ்நாட்டு எண்கள் 6இல் தொடங்கும். ஆனால் பின்கோடை வைத்து மாநிலத்தைத் தானாக நிரப்பும்போது கவனம் தேவை. 605இல் தொடங்கினால் புதுச்சேரி என்று நினைப்போம், விழுப்புரமும் 605602தான். இங்கே மாநிலம் தவறினால் பில்லில் வரியே மாறிவிடும்: ஒரே மாநிலத்துக்குள் என்றால் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி; வேறு மாநிலம் என்றால் ஐஜிஎஸ்டி.

கதவு எண்ணும் தெருவும் இருந்தும் டெக்னீஷியன் சுற்றுகிறார் என்றால் அடையாளம் இல்லை என்று அர்த்தம். பல தெருக்களில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு உண்டு. "பிள்ளையார் கோவில் எதிர்ச் சந்து, பச்சை கேட்" என்ற ஒரு வரிக்குத் தனி ஃபீல்டு கொடுங்கள். தமிழிலேயே எழுதட்டும்.

கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் விற்கிறோம். ஜிஎஸ்டி எண் இருந்தால் போதுமா?

அது 15 எழுத்து இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முதல் இரண்டும் மாநிலக் குறியீடு: தமிழ்நாடு 33, புதுச்சேரி 34, கேரளா 32, கர்நாடகா 29. அடுத்த பத்தும் பான் எண். பானின் நான்காவது எழுத்து, அதாவது ஜிஎஸ்டி எண்ணில் ஆறாவது, உரிமையாளர் எந்த வகை என்று சொல்லும்: பி (P) என்றால் தனிநபர், சி (C) என்றால் கம்பெனி, எஃப் (F) என்றால் கூட்டு நிறுவனம். பெயரில் பிரைவேட் லிமிடெட் என்றிருந்து ஆறாவது எழுத்து பி என்றால், யாரோ சொந்த எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். பில் போடும் முன் கேட்டுவிடுவது நல்லது.

ஜிஎஸ்டி எண் இல்லாத வாடிக்கையாளர் என்றால் அந்த ஃபீல்டு காலியாக இருப்பது குறை ஆகாது. ஆனால் வரிக்குரிய மதிப்பு 50,000 ரூபாயோ அதற்கு மேலோ போனால், ஜிஎஸ்டியில் பதிவு பெறாதவருடைய பெயர், முகவரி, மாநிலம், மாநிலக் குறியீடு பில்லில் வர வேண்டும் என்கிறது ஜிஎஸ்டி விதி 46. ஒரு அபார்ட்மென்ட் சங்கம் பெரிய மெஷின் வாங்கும் நாளில் இது தேவைப்படும்.

"இல்லை" என்பதற்கும் "தெரியாது" என்பதற்கும் என்ன வித்தியாசம்?

நிறைய. மின்னஞ்சல் ஃபீல்டு காலி என்றால் அவரிடம் மின்னஞ்சல் இல்லையா, தர மறுத்தாரா, நாம் கேட்கவே இல்லையா? மூன்றும் ஒரே வெற்றிடமாகத் தெரிந்தால், மறுத்தவரிடமே மறுபடி மறுபடி கேட்டு எரிச்சலூட்டுவோம். முக்கியமான ஒன்றிரண்டு ஃபீல்டுகளுக்கு மட்டும் பக்கத்தில் ஒரு டிராப்டவுன் வையுங்கள்: கேட்கவில்லை, இல்லை, தர விரும்பவில்லை. "கேட்கவில்லை" மட்டும்தான் வேலைப் பட்டியலில் வரும். எண் ஃபீல்டுகளில் 0க்கும் இதே சிக்கல். நிலுவைத் தொகை 0 என்றால் பாக்கி இல்லையா, யாரும் பார்க்கவில்லையா?

எல்லா ஃபீல்டையும் கட்டாயம் ஆக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமே?

காலி தீரும், பொய் பெருகும். வரிசையில் நாலு பேர் நிற்கும்போது கவுண்டரில் இருப்பவர் எதையாவது தட்டித்தான் சேவ் செய்வார். அவர்மேல் தப்பில்லை. ஒரு விவரம் எந்தக் கட்டத்தில் இயல்பாகத் தெரிய வருகிறதோ அந்தக் கட்டத்தில் மட்டும் அதைக் கட்டாயமாக்குங்கள். விசாரிக்க வந்தவரிடம் பெயரும் மொபைல் எண்ணும் போதும். ஆர்டர் உறுதியாகும்போது முகவரி. மெஷினைப் பொருத்திவிட்டு டெக்னீஷியன் ஜாப்பை முடிக்கும்போது மாடல், சீரியல் எண், பொருத்திய தேதி. மெஷின் கண் முன்னால் இருக்கும்போது சீரியல் எண்ணைக் குறிப்பது அரை நிமிட வேலை. ஆறு மாதம் கழித்து போனில் கேட்டால் வாடிக்கையாளர் சிங்க்குக்கு அடியில் டார்ச் அடிக்க வேண்டியிருக்கும்.

சேல்ஸ்ஃபோர்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு குறிப்பு: பேஜ் லேஅவுட்டில் (திரை அமைப்பில்) கட்டாயம் என்று வைத்தது திரையில் தட்டுபவர்களை மட்டுமே தடுக்கும். இம்போர்ட் வழியாகவோ வேறு மென்பொருள் வழியாகவோ வருவதையும் தடுக்க ஃபீல்டு அளவிலேயே கட்டாயமாக்க வேண்டும்.

காலிகள் ஏன் சில இடங்களில் மட்டும் குவிகின்றன?

காரணம் இருப்பதால்தான். பதிவு எந்த வழியாக வந்தது, யார் பதிந்தது, எந்த மாதம் என்று மூன்று விதமாகப் பிரித்துப் பாருங்கள். வெப்சைட் ஃபாரமில் வந்தவற்றில் மட்டும் பின்கோடு இல்லை என்றால், ஃபாரத்தில் அந்தக் கேள்வியே இருக்காது. ஒரு வரி சேர்த்தால் முடிந்தது. ஒரு குறிப்பிட்ட மாதத்தில் மட்டும் மாடல் காலி என்றால், அப்போது பழைய எக்செலை ஏற்றியிருப்பார்கள்.

இந்தக் குவிப்பு சராசரிகளையும் கோணலாக்கும். புகார் அதிகம் வைத்தவர்களிடம்தான் அடிக்கடி பேசியிருப்போம் என்பதால் அவர்கள் பதிவுகள் நிரம்பியிருக்கும். சத்தமில்லாமல் இருப்பவர்களின் பதிவு மெலிந்திருக்கும். நிரம்பிய பதிவுகளை மட்டும் வைத்து "வாடிக்கையாளர்கள் ஆண்டுக்கு எத்தனை முறை சர்வீஸ் கேட்கிறார்கள்" என்று கணக்கிட்டால் விடை உண்மையைவிட அதிகமாக வரும். புள்ளியியலாளர் டொனால்ட் ரூபின் 1976இலேயே, விடுபட்டவை எப்படி விடுபட்டன என்பதைப் பொறுத்துத்தான் மீதியை வைத்து முடிவு சொல்லலாமா என்று வகைப்படுத்தினார்.

பதிவே இல்லாத வாடிக்கையாளரை எப்படிப் பிடிப்பது?

சிஆர்எம்மை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பிடிக்கவே முடியாது. டேலியிலோ வேறு கணக்கு மென்பொருளிலோ உள்ள பில் பட்டியலை எடுத்து, மொபைல் எண்ணை வைத்து சிஆர்எம்மோடு ஒப்பிடுங்கள். பில் இருந்து பதிவு இல்லாதவர்கள் உங்களுக்குப் பணம் கொடுத்தும் ஏஎம்சி அழைப்பு போகாதவர்கள். டெக்னீஷியன்களின் வாட்ஸ்அப்பிலும் போன் நம்பர் பட்டியலிலும் இன்னும் சிலர் இருப்பார்கள். ஆள் வேலையை விட்டுப் போகும்முன் அதை வாங்கிப் பதிந்துவிடுங்கள்.

விடுபட்டதை வாடிக்கையாளரிடம் எப்படிக் கேட்பது?

அதற்கென்றே போன் செய்யாதீர்கள். வேறு வேலையாகப் பேசும்போது ஒன்றே ஒன்று கேளுங்கள், ஏன் கேட்கிறோம் என்பதையும் சேர்த்து: "அடுத்த முறை டெக்னீஷியன் நேரா வீட்டுக்கு வர்றதுக்காகக் கேட்கிறேன் சார், பக்கத்துல என்ன அடையாளம் இருக்கு?" நான்கைந்து கேள்வி அடுக்கினால் மோசடி அழைப்பு என்று நினைத்து வைத்துவிடுவார்கள், நினைப்பது நியாயமும்கூட.

இருக்கிற விவரத்தை வைத்து ஏஐயால் மீதியை ஊகித்து நிரப்பலாமா?

ஊகத்தை அசல் ஃபீல்டில் எழுதவே வேண்டாம். தனி ஃபீல்டில் வைத்து, வாடிக்கையாளர் உறுதி செய்த பிறகு மாற்றுங்கள். பெயரைப் பார்த்து மதம், சாதி, பேசும் மொழி என்று ஊகிப்பதை அடியோடு விடுங்கள்.

முழுமைக்காக எதை வேண்டுமானாலும் கேட்டு வைத்துக்கொள்ளலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

கூடாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இரண்டு பக்கமும் பேசுகிறது. ஒருவரைப் பாதிக்கும் முடிவை அவர் தரவை வைத்து எடுப்பதாக இருந்தாலோ, அதை இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுப்பதாக இருந்தாலோ, அது முழுமையாகவும் சரியாகவும் முரணில்லாமலும் இருக்க வேண்டும் என்கிறது 8ஆம் பிரிவு. 12ஆம் பிரிவின்படி, குறையை நிரப்பித் தரச் சொல்லவும் நீக்கச் சொல்லவும் வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. அதே சமயம், சம்மதம் என்பது சொன்ன நோக்கத்துக்குத் தேவையான விவரத்துக்கு மட்டுமே என்கிறது 6ஆம் பிரிவு. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. பெரும்பாலான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது.

வாட்டர் பியூரிஃபையருக்கு சர்வீஸ் செய்ய ஆதார் எண் எதற்கு? அப்படி ஒரு ஃபீல்டு உங்களிடம் இருந்தால் அதை நிரப்ப வேண்டாம், நீக்குங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்?

மாதம் ஒருமுறை போதும், ஒரே நாளில், ஒரே சூத்திரத்தோடு. மொத்தக் கணக்கைவிட அந்த மாதம் புதிதாகச் சேர்ந்த பதிவுகளின் கணக்கு முக்கியம். பழையவை மெல்லச் சரியாகும். புதியவையே குறையோடு வந்தால் குழாயை மூடாமல் தரையைத் துடைக்கிறோம் என்று பொருள்.

வேறு சிஆர்எம்முக்கு மாறுகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

ஏற்றும் முன் பதிவுகளின் எண்ணிக்கையையும் ஒவ்வொரு முக்கிய ஃபீல்டிலும் நிரம்பியவற்றின் எண்ணிக்கையையும் எழுதி வைத்து, ஏற்றிய பின் ஒப்பிடுங்கள். எண்ணிக்கை ஒத்துப்போனாலும் உள்ளடக்கம் கெட்டிருக்கலாம். 91 சேர்த்த 12 இலக்க எண்ணை எக்செல் 9.19E+11 என்ற வடிவில் சுருக்கிக் காட்டும். அப்படியே சிஎஸ்வியாக (ஏற்றுவதற்கான வெறும் எழுத்துக் கோப்பாக) சேமித்தால் கடைசி இலக்கங்கள் போய்விடும், மீட்க வழியில்லை. எண் உள்ள நெடுவரிசையை முதலிலேயே டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்றுங்கள். தமிழில் உள்ள பெயர்களும் அடையாளங்களும் குறியீடுகளாகச் சிதையாமல் இருக்க யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு வடிவில் சேமியுங்கள். தேதியில் நாள் முதலா மாதம் முதலா என்பதை இரண்டு பக்கமும் ஒன்றாக வையுங்கள். இல்லாவிட்டால் 05-08 ஆகஸ்டிலிருந்து மே மாதத்துக்குப் போய்விடும், ஏஎம்சி அழைப்பும் அதோடு போகும்.

கடைசியாக, தமிழ்ப் பெயர் உள்ளது, நீண்ட முகவரி உள்ளது, இரண்டு மூன்று மொபைல் எண் உள்ளது, ஒரே வீட்டில் இரண்டு மெஷின் உள்ளது என்று சிக்கலான பதிவுகளாகப் பொறுக்கி, பழைய திரையையும் புதிய திரையையும் அருகருகே வைத்துக் கண்ணால் சரிபாருங்கள். பழைய மென்பொருளின் சந்தாவை அதற்குப் பிறகு நிறுத்துங்கள்.